செக்ரோலில் இருக்கும் பெயருக்கு என்ன விலை?

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 16 ஆண்டுகளாகச் செக்ரோலில் (பதிவுத் தொழிலாளர் பட்டியலில்) பெயருடன் கொழுந்து பறிக்கும் 38 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரையும் தோட்டத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். மாமியாரும் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும் இவருடன் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) இருக்கிறார்கள். அவர் அனுப்பியிருக்கும் சம்பளச் சீட்டு 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் போடப்பட்டது. அந்த மாதத்தில் 17 நாள் முழுப்பேரும் (முழுநாள் சம்பளம்), பறித்த கிலோ குறைந்ததால் 5 நாள் அரைப்பேரும் (பாதிச் சம்பளம்) விழுந்திருக்கின்றன.

இந்த நிலையில் தோட்ட நிர்வாகம் பங்கு முறை என்ற ஒரு புதிய திட்டத்தை முன்வைத்திருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு துண்டாகத் தேயிலை மலையைப் பிரித்துக் கொடுப்பார்களாம்; குடும்பமே அதைப் பராமரித்து, கொழுந்தைப் பறித்து, அதே தோட்டத்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்க வேண்டுமாம்; உரமும் மருந்தும் கடனாகத் தரப்பட்டு, கிலோக் கணக்கில் கொடுக்கும் பணத்திலிருந்து கழிக்கப்படுமாம். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளொன்றில் இரண்டு வாரத்துக்குள் கையெழுத்திடச் சொல்லியிருக்கிறார்கள். "இனி நாமே முதலாளி, கையெழுத்தைப் போடு" என்கிறார் கணவர். "கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது, எதுவும் நடக்காது" என்கிறார் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர். "சம்பளத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்டதால்தான் இந்த நிலை, இன்னும் கேட்டால் தோட்டத்தையே மூடிவிடுவார்கள்" என்கிறார் தம்பி. இவர்களில் யார் சொல்வது சரி, கையெழுத்திட்டால் எதை இழப்பேன், இதையெல்லாம் விட்டுவிட்டுக் கணவரோடு போய் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்துவிடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மூவரும் உங்கள் நன்மையைத்தான் நினைக்கிறார்கள். ஆனாலும் மூவரின் பேச்சிலும் பாதி உண்மையே இருக்கிறது. என் ஆலோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தத் தாளில் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். பங்கு முறை எப்போதும் தீயது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல நிபந்தனைகளோடு அது சிலருக்குப் பலன் தந்திருக்கக்கூடும். உங்கள் கையெழுத்துக்குச் சட்டத்தில் ஒரு விலை இருக்கிறது என்பதும், அந்த விலையை யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்பதும்தான் காரணம். அதைக் கணக்கிட்டுக் காட்டுவதற்கு முன், உங்கள் சம்பளம் எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாட்சம்பளம் எங்கே முடிவாகிறது

கொழும்புத் தேயிலை ஏலத்தில் கிலோவுக்கு நல்ல விலை கிடைத்தால் சம்பளம் உயரும், விலை விழுந்தால் குறையும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஏல விலை உயரும்போது கொடுப்பதற்கு இடம் உண்டாகிறது என்பது உண்மையே. அந்த இடத்திலிருந்து தொழிலாளிக்கு எவ்வளவு வந்து சேரும் என்பதை முடிவு செய்வது வேறு: மேசையின் இருபுறமும் யார் உட்கார்கிறார்கள், எந்தச் சட்டத்தின் கீழ் பேசுகிறார்கள் என்பது. ஆணும் பெண்ணும் ஒரே மலையில் ஒரே நாள் வேலை செய்தும் பல பத்தாண்டுகளாகப் பெண்ணுக்குக் குறைந்த சம்பளமே கொடுக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழேயே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, சிறுவருக்கு ஒன்று என்று விகிதங்கள் இருந்தன. தேயிலை விலை நன்றாக இருந்த 1984 இல் தோட்டத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிய பிறகுதான் சம சம்பளம் வந்தது. விலை அதற்கு முன்னரும் பல தடவை உயர்ந்திருந்தது. பெண்களின் சம்பளம் மட்டும் தானாக ஆண்களின் சம்பளத்தை எட்டிவிடவில்லை.

1992 இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்ட பின், முதலாளிமார் சம்மேளனமும் சில பெரிய தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தமே சம்பளத்தை நிர்ணயித்து வந்தது. உங்கள் தலைவர் சொல்வது அதைத்தான். ஆனால் கடைசி ஒப்பந்தம் 2019 இல் செய்யப்பட்டது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் மூலம் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் (அரசிதழில்) அறிவிக்கப்பட்டதும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. சம்பளத்தோடு சேர்த்து, வேலைநாள், கிலோ அளவு போன்றவற்றைப் பேசித் தீர்க்க அந்த ஒப்பந்தத்தில் இருந்த வழிமுறைகளும் அத்தோடு போயின. ஆகவே தலைவர் நம்பியிருக்கும் பாதுகாப்பு இன்று இல்லை. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. பழைய நிலைமை இன்னும் தொடர்வதாகவே அவர் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும்.

இன்று உங்கள் சம்பளத்துக்கு அடித்தளமாக இருப்பது 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். அதன் கீழ் அமைந்த சம்பள நிர்ணய சபையில் முதலாளிமார் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இருப்பார்கள். தொழில் ஆணையாளர் நாயகம் தலைமை தாங்குவார். அமைச்சர் நியமிக்கும் சிலரும் இருப்பார்கள். இரு தரப்பும் சமமாகப் பிரிந்து நிற்கும்போது அந்த நியமன உறுப்பினர்களின் வாக்கே தீர்மானிக்கும் என்பதால், நாட்சம்பளம் தேர்தல் மேடைப் பொருளாகிவிட்டது. 2024 மே மாதத்தில் 1,700 ரூபாய் என்று வந்த அறிவித்தலை ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவால் நிறுத்தியது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயமானது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அந்த 1,350 ஐ 1,550 ஆக உயர்த்தவும், நாளொன்றுக்கு 200 ரூபாய் வருகை ஊக்குவிப்பை அரசாங்கம் கொடுக்கவும் முன்மொழியப்பட்டது.

மொத்தத் தொகையை மட்டும் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அது உங்களுக்கு நட்டம் தரும் பழக்கம். 2016 இன் கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபாய் என்றார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே, மீதி உற்பத்தி ஊக்குவிப்பு, வருகைக் கொடுப்பனவு, விலைப் பங்கு என்று பிரிந்து கிடந்தது. 2019 இல் மொத்தம் 750 ஆனபோது "இருபது ரூபாய்தானா" என்று மலையகமே கொதித்தது. அந்தக் கோபம் நியாயமானது. கேட்டது ஆயிரம் அல்லவா. ஆனால் அடிப்படைச் சம்பளம் அப்போது 500 இலிருந்து 700 ஆகியிருந்தது. ஊழியர் சேமலாப நிதியும் (ஓய்வுக்காலச் சேமிப்பு) பணிக்கொடையும் (வேலையிலிருந்து விலகும்போது கிடைக்கும் தொகை) அடிப்படையை வைத்தே வளர்பவை என்பதால், முதுமையில் கைக்கு வரும் பணத்தைப் பொறுத்தவரை அது இருபது ரூபாய் விவகாரமே இல்லை.

சம்பளம் கூடினால் தோட்டம் மூடப்படுமா

தம்பியின் அச்சத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. சந்தை என்பது பல வாங்குபவர்களும் பல விற்பவர்களும் கூடும் இடம் என்றால், விலையைச் சட்டத்தால் உயர்த்தும்போது வாங்குவது குறையும் என்று பொருளியல் பாடம் சொல்கிறது. உழைப்புக்கும் அதே கணக்கைப் போட்டுத்தான் குறைந்தபட்சச் சம்பளம் வேலையை அழிக்கும் என்று நெடுங்காலம் வாதிட்டார்கள்.

ஆனால் உங்கள் தோட்டத்தில் உழைப்பை வாங்குபவர் எத்தனை பேர்? ஒருவர்தான். நீங்கள் குடியிருக்கும் லயமும், பிள்ளைகளின் பாடசாலையும், மாமியாரின் மருந்தும் அந்த ஒரே இடத்தோடு பிணைந்திருக்கின்றன. அடுத்த தோட்டத்தில் நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் நீங்கள் எளிதில் மாறிவிட முடியாது என்பது கம்பனிக்குத் தெரியும். இப்படி வாங்குபவர் கை ஓங்கிய சந்தையில், உழைப்பின் பயன் எவ்வளவோ அதைவிடக் குறைவாகவே சம்பளம் நிற்கும் என்று ஜோன் ராபின்சன் என்ற பிரித்தானியப் பொருளியலாளர் 1933 இலேயே விளக்கினார். அந்த நிலையில் சட்டம் ஓரளவு சம்பளத்தை உயர்த்தினால் வேலை குறைய வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1992 இல் குறைந்தபட்சச் சம்பளம் உயர்ந்தபோது, உயராத பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் துரித உணவுக் கடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்த டேவிட் கார்டும் ஆலன் குரூகரும், வேலை குறையவில்லை என்று கண்டார்கள். கார்டுக்கு 2021 இல் நோபல் பரிசு கிடைத்ததற்கு இத்தகைய ஆய்வுகளே காரணம்.

பர்கர் கடையின் முடிவை அப்படியே தேயிலை மலைக்குக் கொண்டுவர நான் துணிய மாட்டேன். நம் தேயிலை உலகச் சந்தையில் கென்யாவோடும் இந்தியாவோடும் போட்டியிடுகிறது. விலையைக் கம்பனி நினைத்தபடி உயர்த்த முடியாது. பல மலைகளில் செடிகள் வயதானவை, மறுநடுகை பின்தங்கிக் கிடக்கிறது. தனியார் நிர்வாகம் வந்த காலத்தில் இருந்த பதிவுத் தொழிலாளரில் பாதிக்கும் குறைவானவர்களே இன்று இந்தக் கம்பனித் தோட்டங்களில் எஞ்சியிருக்கிறார்கள். ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் தோட்டம் வேண்டாம் என்று தாங்களாகவே வெளியேறியவர்கள். இளைஞர்கள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். பறிக்க ஆள் இல்லை என்று நிர்வாகமே புலம்புகிறது. ஒரே மூச்சில் "ஆள் இல்லை" என்றும் "சம்பளம் கூடியதால் ஆளைக் குறைக்க வேண்டியிருக்கிறது" என்றும் சொல்லப்படும்போது இரண்டில் ஒன்றையாவது நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்.

தம்பி கவனித்த ஒன்று மட்டும் முழுக்க உண்மை. சம்பளம் உயரும்போதெல்லாம் தோட்டத்தை மூடுவதற்குப் பதிலாக வேறு மூன்று இடங்களில் கை வைக்கிறார்கள்: பறிக்க வேண்டிய கிலோ அளவை உயர்த்துவது, மாதத்தில் பேர் போடும் நாட்களைக் குறைப்பது, செக்ரோலில் உள்ளவர்களுக்குப் பதில் கைக்காசுக்கு வெளியாட்களை எடுப்பது. உங்களுக்கு நீட்டப்பட்டிருக்கும் பங்கு முறை இவற்றுக்கு அடுத்த நான்காவது படி.

அந்தத் தாள் எதை மாற்றுகிறது

இன்று நீங்கள் கம்பனியின் தொழிலாளி. கையெழுத்திட்ட மறுநாள், அந்தத் தாளின்படி, நீங்கள் கம்பனிக்குக் கொழுந்து விற்கும் ஒருவர். செய்யும் வேலை அதே வேலை, மலையும் அதே மலை. ஆனால் சம்பளச் சபையின் குறைந்தபட்சச் சம்பளம், சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பணிக்கொடை, பிரசவகாலச் சம்பளம், வேலைநீக்கப் பாதுகாப்பு ஆகிய அனைத்தும் தொழிலாளி என்ற அந்த ஒரே நிலையில்தான் தொங்குகின்றன. உங்கள் சம்பளச் சீட்டை வைத்தே கணக்குப் பார்ப்போம்.

17 முழுப்பேருக்கு 22,950 ரூபாய். 5 அரைப்பேருக்கு 3,375 ரூபாய். மொத்தம் 26,325 ரூபாய். இதில் உங்கள் பங்காக 8 சதவீதம் சேமலாப நிதிக்கு வெட்டப்படுகிறது. கம்பனி அதற்கு மேல் 12 சதவீதம் சேமலாப நிதிக்கும் 3 சதவீதம் நம்பிக்கை நிதிக்கும் தன் பணத்திலிருந்து கட்டுகிறது. அந்த 15 சதவீதம் மாதம் ஏறத்தாழ 3,950 ரூபாய். பங்கு முறையில் கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தாலும், இந்தத் தொகை அதில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து ஆண்டு சேவை முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய நாட்சம்பளத்தின்படி கொடுக்கப்பட வேண்டும். 1,350 ரூபாயில் உங்கள் 16 ஆண்டுகளுக்கு 302,400 ரூபாய். "கடைசியாக வாங்கிய" என்ற விதியில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது: சம்பளம் உயரும் ஒவ்வொரு முறையும் நீங்கள் ஏற்கெனவே உழைத்து முடித்த ஆண்டுகளின் மதிப்பும் சேர்ந்து உயர்கிறது. நாட்சம்பளம் 1,550 ஆனால் அதே 16 ஆண்டுகளுக்கு 347,200 ரூபாய். ஒரே ஒரு வர்த்தமானி அறிவித்தல் உங்கள் கடந்த காலத்தின் மேல் 44,800 ரூபாயை ஏற்றி வைக்கிறது. செக்ரோலிலிருந்து பெயர் நீங்கும் நாளில் இந்த வளர்ச்சி நின்றுவிடும். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று 2021 இல் சட்டம் வந்திருப்பதால், உங்களுக்கு முன்னே இன்னும் 22 ஆண்டுகள் இருக்கின்றன. ஒருவேளை நீங்கள் விலகினால், பணிக்கொடையை 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை, தாமதத்துக்கு மேலதிகத் தொகையும் சேரும்.

இனி, உங்களிடம் யாரும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்க வேண்டுமானால் கம்பனிக்கு இரண்டு வழிகள்தான் உண்டு என்று 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஒன்று, தொழில் ஆணையாளரின் முன் அனுமதி. மற்றது, தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம். ஆணையாளரிடம் போனால் அவர் விசாரித்து, அனுமதிப்பதாயின் இழப்பீடும் நிர்ணயிப்பார். அதற்கென்று வகுத்த அட்டவணைப்படி 16 ஆண்டு சேவைக்கு முப்பத்து மூன்றரை மாதச் சம்பளம் வருகிறது. மாதம் 26,000 ரூபாய் என்று வைத்தாலும் எட்டரை இலட்சத்துக்கு மேல். சேமலாப நிதியும் பணிக்கொடையும் அதற்குப் புறம்பானவை. உங்கள் கையெழுத்து கிடைத்துவிட்டால் கம்பனி அந்த வாசலுக்கே போக வேண்டியதில்லை. அந்தத் தாளில் "சுயவிருப்பின் பேரில் விலகுகிறேன்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் ஒரு கவனக்குறிப்பும் உண்டு. பன்னிரண்டு மாதத்தில் 180 நாளாவது வேலை செய்தவருக்கே அந்தப் பாதுகாப்பு. மாதம் 22 நாள் போகும் உங்களுக்கு இப்போது கவலை இல்லை. ஆனால் நாட்களைக் குறைத்துக் குறைத்து மாதம் 15 க்குக் கீழே கொண்டுவந்தால் அது சம்பளக் குறைவோடு நிற்காது. ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

"இனி நாமே முதலாளி"

கணவரின் ஆசை எனக்குப் புரிகிறது. நான்கைந்து தலைமுறையாக ஒருவர் பெயரில் ஒரு துண்டு நிலம் இல்லாமல் வாழ்ந்த சமூகத்துக்கு "உங்கள் மலை" என்ற பேச்சே இனிக்கும். ஆனால் அந்த நிலம் கம்பனிக்கே சொந்தமில்லை. அரசுக்குச் சொந்தமான தோட்டங்களைக் கம்பனிகள் 1992 இலிருந்து 53 ஆண்டுக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. அது 2045 இல் முடிகிறது. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. உங்களுக்குக் கிடைப்பது பராமரிக்கும் பொறுப்பும் பறிக்கும் அனுமதியும்தான்.

நாட்டின் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் இன்று சிறு தோட்ட உரிமையாளர்களிடமிருந்து வருகிறது என்பதும், அவர்களில் பலர் நன்றாக வாழ்கிறார்கள் என்பதும் உண்மை. கணவர் மனதில் இருக்கும் படம் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிறு தோட்டக்காரராக இருக்கலாம். அவருக்கு நிலம் சொந்தம். கொழுந்தை எந்தத் தொழிற்சாலைக்குக் கொடுப்பது என்று அவரே தேர்ந்துகொள்வார். தொழிற்சாலையின் விற்பனை வருமானத்தில் கொழுந்துக்கு 68, உற்பத்தியாளருக்கு 32 என்ற விகிதத்தில் அமைந்த சூத்திரப்படி அவருக்கு விலை வருகிறது. உங்கள் தாளில் அந்த மூன்றும் இல்லை. கொழுந்தை அதே தொழிற்சாலைக்கே கொடுக்க வேண்டும்; கிலோவுக்கு எவ்வளவு என்ற எண்ணே தாளில் இல்லை, "நிர்வாகம் அவ்வப்போது அறிவிக்கும்" என்றிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரே வாங்குபவர் என்ற பழைய நிலை அப்படியே இருக்க, குறைந்தபட்சச் சம்பளம் என்ற தடுப்பு மட்டும் நீங்குகிறது.

நட்டம் யார் தலையில் என்பதும் மாறுகிறது. 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது மலையெங்கும் கொழுந்து குறைந்தது. நாட்சம்பளக்காரருக்கு நாட்கள் குறைந்தன, ஆனாலும் போன நாளுக்கு ஒரு கணக்கு இருந்தது. பங்குக்காரருக்கு அந்தக் கணக்கும் இருந்திருக்காது, உரக் கடன் மட்டும் நின்றிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியில் மண் சரிந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். உங்கள் துண்டில் ஒரு பகுதி சரிந்தால் கடனை யார் கட்டுவது என்று தாளில் ஒரு வரியாவது இருக்கிறதா? வருமானத்தைக் கூட்ட வேண்டி மாமியாரையும் பிள்ளைகளையும் மலைக்கு இழுக்க நேர்ந்தால், ஒருவர் சம்பளத்துக்கு மூவர் உழைத்ததாகவே முடியும்.

ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்ட பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தாளில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதோடு விவகாரம் முடிந்துவிடாது. 1950 ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் ஒருவர் தானே நேரில் உழைத்துத் தருவதாகச் செய்த ஒப்பந்தத்தையும் தொழிலாளி என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. எப்போது பறிப்பது, எப்போது உரமிடுவது என்று கங்காணியே இன்னும் சொல்லிக்கொண்டிருந்தால், அவர்கள் உண்மையில் தொழிலாளிகளே என்று வாதிட இடமுண்டு. ஆனால் அது, தொழில் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் நீண்டு போகக்கூடிய வழக்கு. வேலைநீக்கம் பற்றிய விண்ணப்பத்தை ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

அரைப்பேர் பற்றி

வர்த்தமானியில் ஒரு தொகை வந்துவிட்டால் மலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் அது கிடைக்கும் என்று நினைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நடைமுறை அப்படி இல்லை. கிலோ அளவு எட்டாவிட்டால் அரைப்பேர் என்று தோட்டங்கள் நெடுங்காலமாக எழுதி வருகின்றன. என் வாசிப்பில், சபை நிர்ணயிப்பது ஒரு நாள் வேலைக்கான சம்பளம். நாள் முழுதும் வேலை செய்தவரின் பேரை, நிர்வாகம் தானாக உயர்த்திய கிலோவைக் காட்டிப் பாதியாக்குவது கேள்விக்குரியது. கம்பனிகள் இதை ஏற்காது. வேலைக்கு ஓர் அளவு வேண்டாமா என்று கேட்கும். அந்தக் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் செடி வயதான மலையிலும் நல்ல மலையிலும் வறட்சி மாதத்திலும் ஒரே அளவைக் கேட்பதற்கு நியாயமில்லை. அரைப்பேர் விழுந்த ஐந்து நாட்களிலும் எந்த மலை, எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், தொழில் அலுவலகத்தில் உங்கள் முறைப்பாட்டுக்கு வலு சேரும். முறைப்பாடு செய்யச் சங்கத்தின் கடிதம் தேவையில்லை, தனியாகவும் செய்யலாம்.

ஆடைத் தொழிற்சாலையும் சங்கமும்

தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாயாகவும் சட்டத்தால் உயர்த்தப்பட்டது. உங்கள் 26,325 ஐ விட அது கூடுதல்தான். கொழும்புப் பக்கம் அறை வாடகை, பிள்ளைகளின் பாடசாலை மாற்றம், மாமியார் ஆகியவற்றைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று நீங்களும் கணவரும்தான் கணக்குப் பார்க்க வேண்டும். நான் சொல்லக்கூடியது, போவதாக இருந்தாலும் பங்குத் தாளில் கையெழுத்திட்டுப் போகாதீர்கள், முறையாக விலகி 16 ஆண்டுப் பணிக்கொடையைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள் என்பதே. நீங்கள் விலகினாலும் லயத்து வீட்டிலிருந்து நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்கள் குடும்பத்தை வெளியேற்ற முடியாது.

சங்கச் சந்தாவை நிறுத்தலாமா என்றும் ஓரமாகக் கேட்டிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் ஒரு தொழிற்சங்கத்தில் 40 சதவீதத் தொழிலாளர் இருந்தால் அதனோடு பேச மறுப்பது முதலாளிக்கு 1999 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி குற்றம். ஒரு தோட்டத்தில் நான்கு சங்கங்கள் இருந்து ஒவ்வொன்றும் கால்பங்கை வைத்திருந்தால் அந்தப் பலம் எதற்கும் கிடைக்காது. விலகுவதைவிட, உங்கள் மலைப் பெண்கள் ஒரே சங்கத்தில் சேர்ந்து, தலைவர் பதவிக்கு உங்களில் ஒருவரை நிறுத்துவது பயன் தரும். பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், தலைவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்ற நிலை இன்னும் எத்தனை காலத்துக்கு?

கையெழுத்துக்கு முன்

இரண்டு வாரக் கெடுவைச் சட்டம் விதிக்கவில்லை, நிர்வாகம் தானாக வைத்தது. அது கடந்தால் உங்கள் வேலை போய்விடாது. செக்ரோலில் உள்ளவரை வேலைக்கு எடுக்காமல் விட்டால் அதுவே வேலைநீக்கமாகிவிடும், மேலே சொன்ன சட்டம் அப்போது கம்பனிக்கு எதிராகத் திரும்பும். ஆகவே அவசரப்படாமல், உங்கள் பிரிவிலுள்ளவர்கள் சேர்ந்து துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) ஒரு கடிதம் எழுதுங்கள். ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி வேண்டும். கையெழுத்திட்ட பின்னும் செக்ரோலில் பெயர் தொடருமா என்று எழுத்தில் வேண்டும். தொடராவிட்டால் பணிக்கொடை எவ்வளவு, எப்போது என்று வேண்டும். கிலோ விலை 68 சதவீதச் சூத்திரத்தோடு இணைக்கப்படுமா, மண்சரிவிலும் வறட்சியிலும் உரக் கடன் என்னாகும், விரும்பாவிட்டால் பழைய வேலைக்குத் திரும்ப வழி உண்டா என்று கேளுங்கள். செக்ரோலில் பெயரை வைத்துக்கொண்டே, மேலதிகமாக ஒரு துண்டைப் பங்குக்கு எடுக்க முடியுமானால் அது வேறு பேச்சு. அப்படி எழுதித் தந்தால் தாளை எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.

கடிதத்தின் ஒரு பிரதியை ஹட்டன் தொழில் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைச் சம்பளச் சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள். சேமலாப நிதியில் உங்கள் பெயரில் 16 ஆண்டும் விடாமல் பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் அதே அலுவலகத்தில் தேசிய அடையாள அட்டையைக் காட்டி இந்த மாதமே விசாரித்துவிடுங்கள். விடுபட்ட மாதங்கள் இருந்தால், நீங்கள் செக்ரோலில் இருக்கும்போது கேட்பது எளிது.